அளவெடுக்கப் போன இடத்தில் ஆடக் கற்றுக்கொண்டேன்

பரதநாட்டிய உடை தைப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பிள்ளையை நிற்க வைத்து அளவெடுத்துத் தைத்தால், உடுத்திப் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டி நிலைக்கு வந்ததும் முன்பக்கத்து விசிறி மடிப்பு விரியாமல் நடுவில் சுருண்டுகொள்ளும். பாளையங்கோட்டையில் 18 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். நான் முதலில் தைத்துக் கொடுத்த 6 நடன உடைகளில் 4 இப்படித் திரும்பி வந்தன. நடன டீச்சர் கோபப்படவில்லை. "அக்கா, ஒருநாள் வகுப்புக்கு வாருங்கள். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது அளவெடுங்கள்" என்றார்.

போனேன். அரைமண்டியில் இருக்கும் பிள்ளையின் ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை டேப்பைப் பிடித்தபோதுதான் தவறு எங்கே என்று புரிந்தது. நிற்கும்போது இல்லாத ஓர் அகலம் அங்கே பிறக்கிறது. விசிறியின் மடிப்புகள் மொத்தமாக விரிந்தால் அந்த அகலத்தை நிரப்ப வேண்டும். குறித்துக்கொண்டு எழுந்தவளிடம் டீச்சர், "நீங்களும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும்" என்றார். குதிகால்களைச் சேர்த்து, பாதங்களைத் திருப்பி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். பத்து எண்ணுவதற்குள் தொடை நடுங்கியது. ஆனால் அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் உடம்பில் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டதும் உண்மை. அப்போது எனக்கு 38 வயது. அடுத்த மாதமே பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

ஏழு வருடங்கள் ஆகின்றன. பரதத்தை இன்றுவரை விடவில்லை. இடையில் சிலம்பம், கரகம், கொஞ்ச காலம் சால்சா, விழுவதற்கென்றே ஒரு இரண்டு நாள் பயிற்சி என்று பல வகுப்புகளுக்குப் போய்வந்தேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும் பெண்கள் பலர், "இந்த வயதில் ஆரம்பிக்கலாமா? எதில் ஆரம்பிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். கடையில் நின்றபடி சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நான் போன எல்லா வகுப்புகளிலும் ஆசிரியர் முதலில் திருத்தியது என் பாதத்தைத்தான். கையையோ முகத்தையோ இடுப்பையோ பிறகுதான் பார்த்தார்கள். பாதம் தரையை எப்படித் தொடுகிறது, உடம்பின் எடை எந்தக் காலில் எந்த நேரத்தில் இறங்குகிறது என்ற இடத்தில்தான் ஒரு கலை இன்னொன்றிலிருந்து பிரிகிறது. இது எனக்குத் தெரியாததால் ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் மாதத்தை வீணாக்கினேன். நீங்கள் வீணாக்க வேண்டாம்.

பரதத்தில் தொடங்குகிறேன். அதன் அடிப்படை அசைவுகளை அடவு என்பார்கள். முதல் பாடம் தட்டடவு. அரைமண்டியில் உட்கார்ந்து, "தெய்யா தெய்" என்ற சொல்லுக்கு வலது, இடது என்று மாறி மாறித் தட்ட வேண்டும். பார்க்க எளிது. காலை மடக்கித் தூக்கி, விரலும் குதிகாலும் ஒரே நொடியில் தரையில் விழும்படி தட்ட வேண்டும். அப்படி விழுந்தால் "டப்" என்று ஒரே ஒலி வரும். என் காலிலிருந்து "ட-டப்" என்று இரண்டு ஒலி வந்தது. டீச்சர் தாளம் போடும் தட்டுக்கழியை நிறுத்திவிட்டு என் வலது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, நீங்கள் தையல் மெஷின் மிதிக்கிறீர்கள்" என்றார்.

அவர் சொன்னது சரி. மெஷினில் குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி அழுத்த வேண்டும். ஊஞ்சல் போல அந்த அசைவு ஓய்வதே இல்லை. பல வருடப் பழக்கம், பாதத்தை முழுத் தட்டாக விழ விடவில்லை. ஒரே ஒலி வருவதற்கு எனக்கு 11 வாரம் பிடித்தது. என்னோடு சேர்ந்த ஓர் ஆசிரியைக்கு மூன்றே வாரத்தில் வந்துவிட்டது. அவருக்கு மறக்க வேண்டியது குறைவு, அவ்வளவுதான். அதன்பின் நாட்டடவு. அதில் காலை நீட்டிக் குதிகாலை ஊன்ற வேண்டும். பிறகு ஒருநாள் குதித்துமெட்டு வந்தது. முன்பாதத்தில் குதித்துக் குதிகாலை இறக்கித் தட்டும் அடவு அது. மற்றவர்கள் திணறியபோது என் கால் தானாகவே செய்தது. தட்டடவில் என்னைத் தடுத்த அதே மெஷின் மிதி இங்கே கைகொடுத்தது. உங்கள் தொழில் உங்கள் உடம்புக்கு எதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது என்று ஒருமுறை உட்கார்ந்து யோசியுங்கள். நாள் முழுக்க நிற்பவருக்கு ஒன்று, ஸ்கூட்டர் ஓட்டுபவருக்கு வேறு, பீடி சுற்றிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு இன்னொன்று. அதை டீச்சரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வயது வந்தபின் சேருபவர்கள் பாதியில் நிற்பது இதனால்தான். பிள்ளைகளின் பாதங்கள் பக்கவாட்டில் நேர்கோடாகத் திரும்பியிருப்பதைப் பார்த்து நானும் அப்படியே திருப்பி வைத்தேன். பாதம் திரும்பியது, முழங்கால் முன்னாலேயே நின்றது. இரண்டே வாரத்தில் மாடிப்படி இறங்கும்போது உள்பக்கம் குத்த ஆரம்பித்தது. உடற்பயிற்சி சிகிச்சை நிபுணர் ஒருவர் பார்த்துவிட்டு எளிமையாகச் சொன்னார்: திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும், முழங்கால் கதவுக்கீல் மாதிரி, மடங்கும், நீளும், முறுக்கினால் தாங்காது. அன்றிலிருந்து முதலில் தொடையை இடுப்பிலிருந்து திருப்பி, முழங்கால் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில் பாதத்தை வைக்கிறேன். என் அரைமண்டி மற்றவர்களுடையதைவிடக் குறுகலானது. அதனால் எந்தக் குறையும் இல்லை. உட்காரும் ஆழத்தையும் வாரம் வாரமாகக் கூட்டினேன், ஒரேயடியாக அல்ல.

தரையும் முக்கியம். கான்கிரீட்டின்மேல் பதித்த டைல்ஸ், கிரானைட் ஆகியவற்றில் தட்டினால் அதிர்ச்சி முழுவதும் கணுக்காலுக்கும் முழந்தாள் எலும்புக்கும் திரும்பி வரும். வீட்டில் பழகும்போது மெத்தை விரிப்பதும் தவறு, பாதம் புதைந்து கணுக்கால் பிசகும். மரப்பலகைத் தளம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வீட்டில் தட்டும் பலத்தைப் பாதியாகக் குறைத்துக் கணக்கை மட்டும் பழகுங்கள். சலங்கையைப் பூஜை செய்து டீச்சர் கையால் வாங்கும் நாள் வரை ஆசைப்பட்டுக் கட்ட வேண்டாம். எடை கூடினால் தவறும் கூடும். சலங்கை ஒலி அந்தத் தவறை மறைத்தும் விடும்.

காலப் பிரமாணம் பற்றி ஒரு வார்த்தை. ஒரே அடவை மூன்று காலத்தில் ஆடுகிறோம். இரண்டாம் காலம் முதல் காலத்தைப் போல இரு மடங்கு, மூன்றாம் காலம் நான்கு மடங்கு வேகம். மூன்றாம் காலத்தில் காலை அதே உயரத்துக்குத் தூக்க முயன்று ஒவ்வொரு முறையும் பின்தங்கினேன். வேகம் கூடும்போது அசைவைச் சிறிதாக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. முன்வரிசைப் பிள்ளையின் குதிகாலைக் கவனித்துத் தெரிந்துகொண்டேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது வகுப்பு நடந்த கீழ்த்தளத்திலும் தண்ணீர் ஏறிவிட்டது. பல வாரங்கள் வகுப்பு இல்லை. மின்சாரமும் பாட்டும் இல்லாத அந்த முதல் சில நாட்களில் வீட்டுக்குள் வாயால் சொல்லைச் சொல்லிக்கொண்டு முதல் காலம் மட்டும் ஆடினேன். மெதுவாக ஆடும்போது மறைக்க இடமில்லை. எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு முழுவதும் தெரிந்தது. இப்போதும் பழகும் நேரத்தில் பாதியை முதல் காலத்துக்கே கொடுக்கிறேன்.

நம் ஊரில் பரதம் கற்பவருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. நடராசரின் ஐந்து சபைகளில் இரண்டு நம் பக்கத்தில்தான் இருக்கின்றன: நெல்லையப்பர் கோயிலின் தாமிர சபை, குற்றாலத்தின் சித்திர சபை. சித்திர சபையில் ஆடவல்லான் செப்புத் திருமேனியாக இல்லை, சுவரில் ஓவியமாக இருக்கிறார். கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலின் கல் உருவங்களையும் டீச்சர் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். நான் அங்கே பார்த்தது பாதங்களை மட்டும்தான். எடை இறங்கிய கால் எது, சும்மா தொட்டுக்கொண்டிருக்கும் கால் எது என்பதை அந்தச் சிற்பி கல்லிலேயே காட்டியிருக்கிறான். எடை தாங்கும் காலின் பக்கம் இடுப்பு ஏறியிருக்கிறது. மாதம் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். பஸ் டிக்கெட் செலவில் கிடைக்கும் வகுப்பு அது.

மூன்றாம் வருடம் சிலம்பத்தில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மண் மைதானத்தில் வகுப்பு. ஆசானுக்கு 60 வயதைத் தாண்டியிருக்கும். என்னைத் "தாயி" என்றே கூப்பிடுவார். பரதம் தெரியும் என்பதால் சீக்கிரம் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் நாள், நிற்கச் சொன்னார். நான் என்னை அறியாமலே அரைமண்டியில் இறங்கி நின்றேன். ஆசான் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின்னாலிருந்து தோளில் ஒரு விரலால் தள்ளினார். இரண்டடி முன்னால் போய்த்தான் நிற்க முடிந்தது.

"தாயி, இரண்டு காலிலும் சமமாக எடையை வைத்து நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றால், அடி வரும்போது எந்தக் காலை எடுப்பாய்?" என்று கேட்டார்.

பரதத்தில் நடுவில் இறங்கி நிற்பது அழகு. சிலம்பத்தில் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எப்போதும் போய்வந்துகொண்டே இருக்க வேண்டும். குதிகால் தரையை அழுத்தாமல், இதோ கிளம்பிவிடுவேன் என்பதுபோல இருக்க வேண்டும். மூன்று வாரம் கையில் கம்பே தரவில்லை. மண்ணில் கோடு போட்டு, காலடி மட்டும். முன்னால் இரண்டு, பக்கத்தில் ஒன்று, திரும்பு, பின்னால் ஒன்று. செருப்பில்லாமல் மண்ணில் கால் வழுக்கும்போது பெருவிரல் எப்படிப் பிடிக்கிறது என்பதை அப்போதுதான் கண்டேன். கம்பைச் சீக்கிரம் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லும் வகுப்பைவிட, காலடியில் பொறுமையாக நிறுத்திவைக்கும் ஆசானிடம் போவதே நல்லது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

கம்பு உங்கள் நெற்றி உயரத்துக்கு இருக்கட்டும். முதலில் எடை குறைந்ததை எடுங்கள். சுற்றும் வேலை மணிக்கட்டுக்கு. தோளால் சுற்றினால் மறுநாள் கையைத் தூக்க முடியாது, என்னால் இரண்டு நாள் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. எனக்குப் பட்ட மோசமான அடி என் கம்பாலேயே பட்டது. கம்பின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் தவறி இடது மணிக்கட்டு எலும்பில் விழுந்தது. பார்வை எதிரே இருக்க வேண்டும், கம்பு காதுக்குத்தான் தெரிய வேண்டும் என்றார் ஆசான். காற்றைக் கிழிக்கும் ஒலி சீராக வந்தால் சுற்று சீராக இருக்கிறது என்று அர்த்தம். வலது கைக்காரர்கள் இடது கையால் பாதி நேரம் சுற்றுங்கள். மொட்டை மாடியில் பழகுவதாக இருந்தால் கொடிக்கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிடுங்கள்.

உடையைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் தையல்காரி இல்லை. கடையில் வாங்கும் இறுக்கமான கால்சட்டை சிலம்பத்தின் தாழ்ந்த நிலையில் கவட்டில் கிழியும். கவட்டுத் தையல் நான்கும் சேரும் இடத்தில் நான்கு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை மூலைவாட்டில் வைத்துத் தைத்தால் கிழியாது, காலும் தாராளமாக விரியும். எந்தத் தையல்காரரிடம் கேட்டாலும் பத்து நிமிட வேலை. பரதப் பயிற்சிக்குப் பருத்திப் புடவையைக் கெண்டைக்கால் பாதிவரை மட்டும் வரும்படி தைத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் தெரிந்தால்தான் டீச்சரால் திருத்த முடியும். செயற்கை இழைத் துணி நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துவிடுங்கள்.

சிலம்ப வகுப்பில் இப்போது பிள்ளைகள் கூட்டம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதற்குப்பின் விளையாட்டுச் சான்றிதழுக்காகப் பெற்றோர் தேடி வருகிறார்கள். வரட்டும். ஆனால் சான்றிதழுக்கு வரும் பிள்ளையும் மூன்று வாரம் மண்ணில் காலடி வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில் ஆசான் இன்றும் மாறவில்லை.

கரகத்துக்கு வந்த வழி வேறு. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு முந்தைய இரண்டு மாதமும் என் கடையில் இரவு பகலாக வேலை நடக்கும். விரதமிருந்து வேடம் கட்டும் பக்தர்களுக்கான உடைகள், தசராக் குழுக்களோடு ஆடப்போகும் கலைஞர்களின் உடைகள் எல்லாம் வரும். அப்படித் தொடர்ந்து வரும் ஒரு கரகாட்டக் கலைஞர் என்னை "மதினி" என்பார். ஒருநாள் அவரிடம், எனக்குக் கரகம் சொல்லிக்கொடுங்கள், பதிலுக்கு உங்கள் உடைகளைக் கூலியில்லாமல் தைத்துத் தருகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"மதினி, பரத டீச்சருக்கும் இப்படித்தான் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை உலுக்கியது. பரதத்துக்கு மாதக் கட்டணத்தை உறையில் வைத்து மரியாதையோடு கொடுக்கிறோம். கரகம், பறை, ஒயில் என்று வந்தால் மட்டும் ஏதோ ஓய்வு நேரத்தில் சொல்லித்தரட்டும் என்று எண்ணிவிடுகிறோம். ஒரு கோயில் கொடைத் திருவிழா இரவில் நையாண்டி மேளத்துக்கு விடியவிடிய ஆடுகிறவரின் வித்தையும் வருடக்கணக்கில் பழகி வந்ததுதான். மன்னிப்புக் கேட்டேன். பரத வகுப்புக்கு எவ்வளவோ அவ்வளவே கொடுப்பது என்று முடிவாயிற்று. அவர் உடைக்கு வழக்கமான கூலியை அவர் கொடுக்கிறார். நீங்கள் யாரிடம் கற்றாலும் இதில் பேரம் பேசாதீர்கள்.

அவர் வீட்டு அடுப்படியிலிருந்து கொல்லைக் கிணறுவரை சுமார் 25 அடி. ஒரு எவர்சில்வர் சொம்பில் பாதிக்கு மேல் அரிசி நிரப்பித் தலையில் வைத்து, அந்த 25 அடியை நடந்து போய் நடந்து வரச் சொன்னார். நான் கழுத்தை விறைத்துக்கொண்டு நடந்தேன். நான்காம் அடியில் சொம்பு விழுந்து அரிசி சிதறியது. பொறுக்கினோம். பரதத்தின் தட்டு அங்கே கூடவே கூடாது. ஒவ்வொரு அடியும் தலைக்கு ஏறிச் சொம்பை உதறிவிடும். சிலம்பத்தின் துள்ளலும் ஆகாது. பாதத்தை வைத்தபின் எடையை ஊற்றுவதுபோல இறக்க வேண்டும், முழங்கால் எப்போதும் சற்றே தளர்ந்து, வரும் அதிர்ச்சியைக் குடித்துவிட வேண்டும். "கழுத்தில் கரகம் நிற்காது மதினி, காலில்தான் நிற்கும்" என்றார்.

பலன் தெரிந்தது ஒரு சிறிய விஷயத்தில். கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அவருடைய மாமியார் என்னைப் பார்த்துவிட்டு, நிறைகுடத்தை இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார். படி ஏறும்போதுகூடக் குடத்து நீர் தளும்பவில்லை. எந்த வகுப்பும் போகாத அந்த வயதான பெண்ணின் பாதத்தில் நான் தேடிய நடை இருந்தது. அவர் நடந்த மாதிரி நடக்க முயன்றேன். அன்று கிணறுவரை சொம்பு விழவில்லை. உங்கள் வீட்டில் தண்ணீர் சுமந்த தலைமுறைப் பெண்கள் இருந்தால், அவர்கள் நடப்பதை ஒருநாள் பின்னால் நின்று பாருங்கள்.

கரகத்தை இதுவரை எந்த மேடையிலும் நான் ஆடவில்லை. ஆடப்போவதும் இல்லை. அது அவர்கள் குடும்பத்துக்குச் சோறு போடும் தொழில். எனக்கு அது என் நடையைச் சரிசெய்த பாடம்.

உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் ஜும்பா வகுப்புக்கு இரண்டே வாரம் போனேன். கொலம்பியாவில் 1990களில் ஆல்பெர்ட்டோ பெரெஸ் என்பவர் தொடங்கிவைத்த பயிற்சி முறை அது. முறையாக நடத்தினால் நல்ல பயிற்சிதான். நான் போன இடத்தில் உடம்பைச் சூடாக்காமல் நேரே குதிக்கச் சொன்னார்கள், நாற்பது பேருக்கு ஒருவர், யார் காலையும் யாரும் பார்க்கவில்லை. கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டு ஒரு மாதம் பரதத்துக்கும் போக முடியாமல் ஆயிற்று. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் எத்தனை பேரைத் தனித்தனியாகத் திருத்துகிறார் என்று எண்ணுங்கள். ஒருவரையும் திருத்தாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சால்சாவை விடுமுறைக்கு ஊர் வந்த ஒரு இளைஞர் ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தார். எட்டு எண்ணிக்கையில் 1, 2, 3 அடி வைத்து 4இல் நிறுத்தி, 5, 6, 7 அடி வைத்து 8இல் நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தம் எனக்குப் பெரிய புதுமை. இடுப்பை ஆட்ட வெட்கப்பட்டுக்கொண்டிருந்த எங்களிடம், இடுப்பை ஆட்டவே வேண்டாம், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை முழுமையாக மாற்றுங்கள், இடுப்பு தானே அசையும் என்றார். கிருஷ்ணாபுரத்துக் கல்லில் பார்த்த இடுப்பு எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. விழும் பயிற்சி இரண்டு நாள்தான்: கையை ஊன்றி விழாமல் கெண்டை, தொடையின் பக்கவாட்டு, இடுப்பு, முதுகு என்று வரிசையாகத் தரையில் உருளுவது. அதற்குப்பின் மழைக்காலத்தில் கடை வாசலில் வழுக்கியபோது மணிக்கட்டு தப்பியது.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: உங்கள் வீட்டுக்கு அருகில், உங்கள் காலைப் பார்த்துத் திருத்தும் ஆசிரியர் எந்தக் கலைக்குக் கிடைக்கிறாரோ அதில். ஒரே மாதத்தில் இரண்டில் சேராதீர்கள். ஒரு வருடமாவது ஒன்றில் நின்றபின் அடுத்தது. இரண்டாவது வகுப்புக்குப் போகும்போது முதல் வகுப்பின் நிற்கும் முறையை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போங்கள், திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஆடுங்கள். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குத் திருநெல்வேலி அரசு இசைப்பள்ளியில் முறையான பரதப் படிப்பு இருக்கிறது. சிறியவர்களுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. விசாரித்துச் சேருங்கள். வகுப்பு முடிந்ததும் ஒரு நோட்டில் அன்றைய திருத்தத்தை ஒரு வரியாவது எழுதுங்கள். என் நோட்டில் முதல் வரி, "குதிகாலும் விரலும் சேர்ந்து விழ வேண்டும்". அதே வரி 11 வாரம் திரும்பத் திரும்ப இருக்கிறது.

போன சித்திரையில் களக்காட்டுப் பக்கம் எங்கள் குலதெய்வமான சுடலைமாடன் கோயில் கொடைக்குப் போயிருந்தேன். கணியான் கூத்து நடந்தது. மகுடம் என்னும் தோல் வாத்தியத்தைத் தீயில் காட்டிச் சூடேற்றினார்கள், தலைமைப் பாடகரான அண்ணாவி பாட ஆரம்பித்தார், பெண் வேடமிட்ட ஆண்கள் இருவர் ஆடினார்கள். சிறு வயதிலிருந்து எத்தனையோ கொடைகளில் அரைத்தூக்கத்தில் பார்த்த ஆட்டம். இந்த முறை தூக்கமே வரவில்லை. ஒரு காலில் எடை முழுவதும் இறங்கும் முன்பே மறுகால் கிளம்பிவிடுகிறது. மகுடத்தின் அடிக்கும் காலின் அடிக்கும் நடுவே ஒரு முடியளவு இடைவெளிதான். அதை எண்ணிப் பார்க்க முயன்றேன், பிடிபடவில்லை. விடியும்வரை அந்த நான்கு பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்தபின் ஆடியவர்களில் ஒருவர், நான் தையல்காரி என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தார். பின்னால் அடி வைக்கும்போது பாவாடை விளிம்பு குதிகாலில் மாட்டுகிறது, எத்தனை முறை சுருக்கியும் சரியாகவில்லை என்றார். நின்றபடி அளவு கொடுத்தார். டேப்பை எடுக்காமல், "அண்ணே, அந்தப் பின்னடியை மகுடம் இல்லாமல் மெதுவாக ஒருமுறை வைத்துக் காட்டுங்கள்" என்றேன். வைத்தார். பின்னால் போகும்போது அவருக்கு முழங்கால் மடங்கி உடம்பு இரண்டு அங்குலம் இறங்குகிறது. துணி தரையைத் தொடுவது அந்த நொடியில்தான். முன்பக்க விளிம்பை அப்படியே விட்டு, பின்பக்கத்தை மட்டும் 2 அங்குலம் ஏற்றித் தைத்துக் கொடுத்தேன். ஆடி மாதக் கொடைக்கு அதே அளவில் இன்னும் இரண்டு வேண்டும் என்று போன வாரம் ஆள் அனுப்பியிருந்தார்.